சயாம் எப்படித் தாய்லாந்து ஆனது? நாடுகளின் பெயர் மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வாசகசாலையில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் கையேடுகள் எல்லாவற்றிலும் தவறாமல் ஒரு பக்கம் இருக்கும். இடது பக்கம் பழைய பெயர், வலது பக்கம் புதிய பெயர். சயாம் – தாய்லாந்து, சிலோன் – ஸ்ரீலங்கா, பாரசீகம் – ஈரான், கோல்டு கோஸ்ட் – கானா. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பித்துவிடுவார்கள். ஒரு மழை நாளில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ஏன் சார் மாற்றினார்கள்?" என்று கேட்டாள். அன்றைக்கு எடுக்க வைத்திருந்த பாடம் அப்படியே நின்றுபோனது. அவள் கேட்டதும், அதன்பின் மற்றவர்கள் கேட்டதும், டீக்கடையில் பெரியவர்கள் கேட்டதுமாகச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

நாட்டின் பெயர் மாறினால் அங்கே இருப்பவர்களின் வீடு, நிலம், கடன் எல்லாம் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. என் அம்மாவையே எடுத்துக்கொள்ளலாம். கொல்லம் ஆண்டு 1110-இல், அதாவது 1935 வாக்கில், கல்குளம் தாலுகாவில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1949 ஜூலை 1 அன்று கொச்சியும் சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி, சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தன. 1969 ஜனவரி 14 அன்று அந்தச் சென்னை மாநிலமும் தமிழ்நாடு ஆனது. நான்கு அரசுகளின் பெயரைப் பார்த்த அம்மா, கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனதைத் தவிர வேறெங்கும் குடிபோகவில்லை.

வீட்டு இரும்புப் பெட்டியில் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு வைத்திருக்கிறோம். தலையில் சங்கு முத்திரை, கீழே மலையாள எழுத்து, தேதிக்குக் கொல்லம் ஆண்டு. தொகையின் கடைசியில் பணமும் சக்கரமும் வரும். நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அந்த நாணயமும் இல்லை, அதை அடித்த சர்க்காரும் இல்லை. பத்திரத்தில் சொன்ன தென்னந்தோப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நாடுகளுக்கும் இதே கணக்குதான். சயர் 1997-இல் காங்கோ என்று மாறியபோது, பழைய பெயரில் வாங்கிய கடனை யாரும் தள்ளுபடி செய்துவிடவில்லை. ஒப்பந்தம், எல்லை, ஐ.நா. இருக்கை எல்லாம் அப்படியே தொடரும். பெயர் மட்டும் மாறுவது ஒன்று, நாடே உடைவது வேறொன்று. சோவியத் ஒன்றியம் 1991-இல் உடைந்தபோது அதன் இருக்கையை ரஷ்யா எடுத்துக்கொண்டது. யூகோஸ்லாவியா உடைந்தபோது செர்பியாவும் மாண்டினீக்ரோவும் அப்படி உட்காரப் பார்த்தன, நடக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு புதிதாக விண்ணப்பித்துத்தான் உள்ளே வர முடிந்தது. கையேட்டில் இந்த இரண்டு வகையையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புகிறார்கள்.

அப்படியானால் உண்மையில் எதுதான் மாறுகிறது?

பாதிக்கு மேற்பட்ட சமயங்களில், வெளியே இருப்பவர்கள் அழைக்கும் பெயர்தான் மாறுகிறது. உள்ளே இருப்பவர்கள் முன்பிருந்தே வேறு பெயரில்தான் தங்கள் நாட்டை அழைத்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் கையேட்டுப் பட்டியலில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

ஈரானைப் பாருங்கள். 1935-இல் அந்நாட்டு மன்னர் ரேசா ஷா வெளிநாட்டு அரசுகளிடம், இனி எங்களை ஈரான் என்றே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த நாட்டு மக்கள் வாயில் அது பல நூற்றாண்டுகளாக ஈரான்தான். அந்த நாட்டின் தெற்கே இருக்கும் ஒரு மாகாணத்தின் பெயர் பார்ஸ். கிரேக்கர்கள் அதை வைத்து நாடு முழுவதற்கும் பெயரிட்டார்கள், ஐரோப்பா அதையே பிடித்துக்கொண்டது. நம் பாரசீகமும் அந்த மாகாணத்துப் பெயரிலிருந்து வந்ததுதான். நம் கடற்கரைக்காரர்கள் ஒப்பந்தத்தில் போய் மீன்பிடிக்கும் கடலுக்கு வரைபடத்தில் இன்றும் பாரசீக வளைகுடா என்றே பெயர். அதை அரபு வளைகுடா என்று எழுதினால் ஈரானுக்குக் கோபம் வரும், பாரசீக வளைகுடா என்று எழுதினால் எதிர்க்கரைக்கு வரும். வேலைக்குப் போகிறவர்கள் நாம், வளைகுடா என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

ஜெர்மனிக்காரர் தம் நாட்டை ஜெர்மனி என்பதில்லை, டாய்ச்லாண்ட் என்பார். பின்லாந்துக்காரருக்கு அது சுவோமி. அவர்கள் உலகத்திடம் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் நாளைக்குக் கையேட்டில் இரண்டு வரி கூடும்.

இதற்கு அயல்நாட்டு உதாரணமே வேண்டாம். 1961-இல் நம் மாநில அரசு, தமிழில் எழுதும்போது தமிழ்நாடு, ஆங்கிலத்தில் எழுதும்போது மெட்ராஸ் ஸ்டேட் என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. ஒரே அரசுக்கு உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகுதான் இரண்டும் ஒன்றாயின.

சிலோன் 1972-இல் ஸ்ரீலங்கா ஆனதே, அது பெரிய மாற்றம் இல்லையா?

ஆங்கிலத்தில் பெரிய மாற்றம். தமிழில் எழுத்துக்கூட மாறவில்லை. சட்டத்திலும் சரி, பேச்சிலும் சரி, தமிழருக்கு அது இலங்கை. சங்கப் பாட்டில் ஈழம், அதற்குப் பின்னும் ஈழம், இலங்கை. போர்த்துகீசியர் சீலாவ் என்றார்கள், ஆங்கிலேயர் அதைச் சிலோன் ஆக்கினார்கள், 1972 மே 22 அன்று குடியரசு ஆனபோது அந்தச் சிலோன் போனது. 1978-இல் வந்த அரசியலமைப்பிலும் தமிழ்ப் பெயர் 'இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு' என்றுதான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இதை உணர்ந்தவர்கள் வானொலி கேட்டவர்கள். அந்த நாளில் சாயங்காலமானால் குமரி மாவட்டத்து வீடுகளில் இலங்கை வானொலிதான் ஒலிக்கும், கடல் தாண்டி அவ்வளவு தெளிவாக வரும். ஆங்கிலத்தில் அந்த நிலையம் ரேடியோ சிலோனாக இருந்து, 1967-இல் கூட்டுத்தாபனமாகி, 1972-இல் பெயரில் இருந்த சிலோனையும் இழந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அறிவிப்பாளர் நேற்றும் இலங்கை என்றார், இன்றும் இலங்கை என்றார்.

ஆனால் பெயரோடு சேர்ந்து வந்த மற்றதைத் தமிழர்கள் கவனித்தார்கள். 1972 அரசியலமைப்பு சிங்களத்தின் இடத்தை உறுதிசெய்தது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிறுபான்மையினருக்கு முன்பிருந்த பாதுகாப்புப் பிரிவை விட்டுவிட்டது. கையேட்டில் 'சிலோன் – ஸ்ரீலங்கா' என்று அரை வரியில் முடிந்துபோவது எனக்கு எப்போதும் உறுத்தும். ஒரு பெயர் மாற்றத்தை மட்டும் தனியே வாசிக்கக் கூடாது. அதே நாளில் வேறு என்ன கையெழுத்தானது என்றும் பார்க்க வேண்டும்.

தேயிலைப் பெட்டியில் மட்டும் சிலோன் டீ இன்றும் சிங்க முத்திரையோடு இருக்கிறது. 2011-இல் அரசு நிறுவனங்களின் பெயர்களிலிருந்து சிலோனை எடுத்துவிடுவது என்று முடிவெடுத்தபோதும் தேயிலையில் கைவைக்கவில்லை. வியாபாரத்தில் பெயர்தானே முதல்.

பர்மாவா, மியான்மரா? எது சரி?

இந்தக் கேள்வியைத் தமிழரால் எளிதாகப் புரிந்துகொள்ள முடியும். நமக்கு எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறாக இருப்பதுபோலப் பர்மிய மொழியிலும் இருக்கிறது. எழுத்தில் மியன்மா, பேச்சில் பமா. இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். ஆங்கிலேயர் பேச்சு வடிவத்தைப் பிடித்தார்கள். 1988-இல் மக்கள் கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கிய ராணுவ அரசு, மறு ஆண்டு எழுத்து வடிவத்தை வெளியுலகுக்கு அறிவித்தது. ரங்கூன் யாங்கூன் ஆனதும் அப்போதுதான். எல்லா இனத்தாரையும் உள்ளடக்கும் பெயர் என்று ராணுவம் காரணம் சொன்னது. சொல் ஒன்றே எனும்போது அந்தக் காரணம் நிற்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுக்காத அரசு பெயரை மாற்ற யார் என்பதுதான் எதிர்ப்பாளர்களின் வாதம். ஐ.நா. மியான்மர் என்று எழுதுகிறது, அமெரிக்க அரசு இன்னும் பர்மா என்கிறது.

ஒரு சின்ன வேடிக்கை. மியான்மரின் கடைசியில் வரும் 'ர்', பர்மாவின் நடுவில் வரும் 'ர்' இரண்டுமே அந்த மொழியில் கிடையாது. உயிரெழுத்தை நீட்டிச் சொல்வதற்காக ஆங்கிலேயர் தம் உச்சரிப்பு வழக்கப்படி போட்ட எழுத்து அது. அவர்கள் வாயில் அது ஒலிக்காது. நாம் எழுத்தைப் பார்த்து வாசித்து, இல்லாத ரகரத்தை அழுத்தி உச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பி வந்த தமிழர்களிடம் போய் நீங்கள் மியான்மர் அகதிகள் என்று சொல்லிப் பாருங்கள். சென்னையில் அவர்கள் கடை போட்ட இடம் பர்மா பஜார். தச்சர் விலை சொல்வது பர்மா தேக்குக்கு.

ஆப்பிரிக்காவில் மட்டும் ஏன் இத்தனை பெயர்கள் மாறின?

முன்பிருந்த பெயர்களைப் பாருங்கள், காரணம் தெரியும். கோல்டு கோஸ்ட் என்பது பெயரா, கிடங்கில் ஒட்டிய சீட்டா? தங்கம் கிடைத்த கரை தங்கக் கரை, தந்தம் கிடைத்த கரை தந்தக் கரை. ரொடீசியா என்பது சிசில் ரோட்ஸ் என்ற ஒரு தனி மனிதரின் பெயர். அவர் கம்பெனி நடத்திப் பிடித்த நிலத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். விடுதலை வந்தபோது இவை போனதில் வியப்பில்லை. வட ரொடீசியா 1964-இல் சாம்பியா ஆனது. தென் ரொடீசியா 1980 ஏப்ரல் 18 அன்று ஜிம்பாப்வே ஆனது. அது, அங்கே கல்லால் கட்டி எழுப்பப்பட்டிருந்த பழைய நகரத்தின் பெயர். சுண்ணாம்பு பூசாமல் அடுக்கிய அந்தச் சுவர்களைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்பதை வெள்ளையர் ஆட்சி ஒப்புக்கொள்ள மறுத்துவந்தது. அதையே நாட்டுக்குப் பெயராக வைத்தது நல்ல பதில் என்று நினைக்கிறேன்.

புதுப் பெயர் தேடும்போது எல்லோரும் பழம்பெருமையைத் தேடிப் போனார்கள். அது எப்போதும் சொந்த ஊர்ப் பெருமையாக அமையவில்லை. 1957 மார்ச் 6 அன்று விடுதலை அடைந்த கானா, இடைக்காலத்துக் கானா பேரரசின் பெயரை எடுத்துக்கொண்டது. அந்தப் பேரரசு இருந்தது இன்றைய மாலி, மௌரித்தானியா பக்கம். இரண்டுக்கும் எல்லை தொடவே இல்லை. 1975-இல் தஹோமே தன் பெயரைப் பெனின் என்று மாற்றியது. தஹோமே என்பது தெற்கே இருந்த ஓர் அரசின் பெயர், வடக்கே இருந்தவர்களுக்கு அது ஒட்டவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத பெயராக இருக்கட்டும் என்று முன்னாலிருந்த விரிகுடாவின் பெயரை எடுத்தார்கள். பெனின் என்ற பழைய அரசோ இருப்பது நைஜீரியாவில்.

எனக்குப் பிடித்தது மேல் வோல்டாவின் கதை. வோல்டா ஆற்றின் மேல்பகுதி என்பதற்கு மேல் அந்தப் பெயரில் ஒன்றுமில்லை. 1984 ஆகஸ்ட் 4 அன்று அந்நாட்டு அதிபர் தாமஸ் சங்காரா அதைப் புர்கினா பாசோ என்று மாற்றினார். புர்கினா ஒரு மொழிச் சொல், பாசோ இன்னொரு மொழிச் சொல், சேர்த்துப் பொருள் நேர்மையானவர்களின் நாடு. அந்நாட்டு மக்களைக் குறிக்கும் புர்கினாபே என்பதில் உள்ள விகுதி மூன்றாவது மொழியிலிருந்து. மூன்று மொழிக்காரர்களுக்கும் தம் பங்கு உண்டு.

ஒருவரே நினைத்தால் நாட்டின் பெயரை மாற்றிவிட முடியுமா?

அதிகாரம் அவர் கையில் இருந்தால் முடியும். ஸ்வாசிலாந்து மன்னர் மூன்றாம் முசுவாத்தி 1968 ஏப்ரல் 19 அன்று பிறந்தவர். நாடு விடுதலை அடைந்ததும் அதே ஆண்டு. 2018-இல் தம் ஐம்பதாவது பிறந்தநாளன்று மேடையில் நின்று, இனி நாட்டின் பெயர் எஸ்வாத்தினி என்று அறிவித்துவிட்டார். வெளியே போனால் எல்லோரும் சுவிட்சர்லாந்தோடு குழப்புகிறார்கள் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். சொந்த மொழியில் அது முன்பிருந்தே எஸ்வாத்தினிதான், ஸ்வாசிகளின் இடம் என்று பொருள்.

காங்கோவின் சர்வாதிகாரி மொபுட்டு இன்னும் ஒரு படி மேலே. 1971 அக்டோபரில் காங்கோவைச் சயர் என்று மாற்றினார். ஆற்றுக்கும் சயர், நாணயத்துக்கும் சயர். ஊர்ப் பெயர்களை மாற்றினார், கிறிஸ்தவப் பெயர்களை விடச் சொன்னார், தம் பெயரையும் நீட்டி மாற்றிக்கொண்டார். எல்லாம் அசல் ஆப்பிரிக்கத் தன்மைக்குத் திரும்புவதற்காக என்றார். சயர் என்பதோ, ஆறு என்று பொருள்படும் நசாடி என்ற உள்ளூர்ச் சொல்லைப் போர்த்துகீசியர் வாய் குழறிச் சொன்ன வடிவம். அசலைத் தேடிப் போய் அந்நியர் உச்சரிப்பில் விழுந்தார். 1997 மே மாதம் அவர் ஓடிய கையோடு பெயரும் போனது.

பெயர் மாற்ற ஐ.நா.விடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் பெயர் மாற்ற அரசிதழில் வெளியிட்டு, பிறகு அதன் நகலை வங்கிக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் கொண்டு அலைவதில்லையா, அதே முறைதான். நாடு தன் சட்டத்தில் மாற்றிக்கொள்ளும், பிறகு ஐ.நா. பொதுச்செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதும். அங்கே பதிவில் திருத்துவார்கள். துருக்கி 2022-இல் அனுப்பியது அப்படி ஒரு கடிதம், சில நாளிலேயே திருத்தம் நடந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதன் பெயரும் வான்கோழியின் பெயரும் ஒன்றாக இருந்தது அவர்களுக்கு வருத்தம். தமிழில் துருக்கிக்கும் வான்கோழிக்கும் எந்த உறவும் இல்லாததால் நாம் எதையும் திருத்த வேண்டியதில்லை.

ஐவரி கோஸ்ட் 1980-களின் நடுவில் வேறு மாதிரி கேட்டது. எங்கள் பெயரை மொழிபெயர்க்காதீர்கள், பிரெஞ்சில் உள்ளபடி கோட் டிவார் என்றே எந்த மொழியிலும் எழுதுங்கள் என்றது. தமிழ்ப் பத்திரிகைகள் இன்றும் ஐவரி கோஸ்ட் என்றே எழுதுகின்றன.

பக்கத்து நாடு ஆட்சேபித்தால்?

அதற்கு ஒரே பெரிய உதாரணம் மாசிடோனியா. யூகோஸ்லாவியாவிலிருந்து 1991-இல் பிரிந்தபோது மாசிடோனியக் குடியரசு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தெற்கே கிரேக்கத்தில் மாசிடோனியா என்றே ஒரு பகுதி இருக்கிறது. அலெக்சாந்தர் பிறந்த மண் எங்களுடையது, பெயரை எடுத்தால் நாளைக்கு நிலத்தையும் கேட்பார்கள் என்று கிரேக்கம் குதித்தது. வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

1993-இல் ஐ.நா.வில் சேர்த்தபோது 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற நீண்ட தற்காலிகப் பெயரோடு சேர்த்தார்கள். ஆங்கில அகரவரிசையில் எம் வரிசையில் உட்கார கிரேக்கம் விடாது, எஃப் வரிசையில் உட்கார இவர்களுக்கு மனமில்லை. கடைசியில் பெயருக்கு முன்னால் வரும் ஆங்கிலச் சுட்டுச்சொல்லின் முதல் எழுத்தைக் கணக்கில் எடுத்து, டி வரிசையில் தாய்லாந்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கிரேக்கம் 1994-இல் வணிகத்தைத் தடுத்தது, கொடியிலிருந்த பதினாறு கதிர்ச் சூரியனை மாற்ற வைத்தது, 2008-இல் நேட்டோவுக்குள் வர விடாமல் நிறுத்தியது.

2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெயர் வட மாசிடோனியா. அங்கே நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சம்மதித்தார்கள், ஆனால் வந்து வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 37 பேர்தான். நாடாளுமன்றம் 120-இல் 81 வாக்குகளோடு நிறைவேற்றியது. கிரேக்க நாடாளுமன்றத்தில் 300-இல் 153. 2019 பிப்ரவரி 12 முதல் புதுப் பெயர். பழைய பெயர் அச்சிட்ட பாஸ்போர்ட்டுகளுக்கு ஐந்தாண்டு தவணை. 27 ஆண்டுகள் ஒரு சொல்லுக்காக. முன்னால் சேர்த்ததோ ஒரே ஒரு திசை.

கன்னியாகுமரி டிக்கெட்டில் ஏன் 'கேப்' என்று இருக்கிறது?

ரயில்வே குறியீடு. கன்னியாகுமரி நிலையத்தின் குறி ஆங்கிலத்தில் சி, ஏ, பி, இ என்ற நான்கெழுத்து. கேப் கொமோரின் என்ற ஆங்கிலேயர் காலத்துப் பெயரின் மிச்சம். நாகர்கோவிலில் இன்றும் கேப் ரோடு இருக்கிறது. கொமோரின் என்பதே நம் குமரிதான், பழங்காலக் கிரேக்கர்கள் கோமார், கோமரியா என்று எழுதியதும் அதைத்தான். நம் பெயர் கடலில் போய், போர்த்துகீசியர் வாயில் நனைந்து, ஆங்கிலமாகக் கரை ஒதுங்கியது.

பெயரை மாற்றுவது எளிது, குறியீட்டை மாற்றுவது கடினம். சென்னை சென்ட்ரலின் குறி எம்.ஏ.எஸ்., பெய்ஜிங் விமான நிலையத்துக்கு இன்னும் பீக்கிங்கின் மூன்றெழுத்து, ஹோ சி மின் நகரத்துக்குச் சைகோனின் மூன்றெழுத்து. எஸ்வாத்தினியின் இணைய முகவரி எஸ்.இசட். என்றே முடிகிறது. சோவியத் ஒன்றியம் போய் முப்பது ஆண்டு தாண்டியும் எஸ்.யூ. என்று முடியும் முகவரிகள் வேலை செய்கின்றன. மார்த்தாண்டத்தைத் தொடுவெட்டி என்று சொல்லும் கிழவர்களைக் கேலி செய்யும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன்.

கொமோரோஸ் தீவுகளுக்கும் கொமோரினுக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. அது நிலவைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

மாற்றியதைத் திரும்ப மாற்றிய நாடுகள் உண்டா?

உண்டு. சயாம் 1939-இல் தாய்லாந்து ஆகி, போர் முடிந்த 1945-இல் மீண்டும் சயாம் ஆகி, 1949-இல் மறுபடி தாய்லாந்து ஆனது. கம்போடியா இருபது ஆண்டுகளில் ஐந்தாறு பெயரைப் பார்த்துவிட்டு 1993-இல் தொடங்கிய இடத்துக்கே, கம்போடிய முடியரசுக்கே, வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பெயரும் ஓர் ஆட்சி, அதில் ஒன்று 'போல் போட்' என்ற சர்வாதிகாரியுடையது.

மாற்றாமல் விட்டவர்கள்?

பிலிப்பைன்ஸ். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரை இன்னும் சுமக்கிறது. மகர்லிகா என்று மாற்றலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும், அடங்கும். மொரீஷியஸ் டச்சு இளவரசர் மாரிஸின் பெயர். பழகிப்போனால் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆள் மறைந்துவிடுகிறார்.

டச்சு என்றதும் நினைவு வருகிறது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றவர்களை நம் பழைய எழுத்துகள் ஒல்லாந்தர் என்கின்றன. ஹாலந்து என்பது அந்த நாட்டின் ஒரு பகுதிதான், நாடு நெதர்லாந்து. 2020-இல் அந்த அரசு தன் விளம்பரங்களிலிருந்து ஹாலந்து என்ற பெயரை எடுத்துவிட்டது. உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையில் படுத்திருக்கும் டிலனாய் மட்டும் நமக்கு என்றும் ஒல்லாந்தரின் தளபதிதான்.

இந்தியா பாரதம் என்று மாறப்போகிறதா?

மாறுவதற்கு என்ன இருக்கிறது? அரசியலமைப்பின் முதல் பிரிவே 'இந்தியா, அதாவது பாரதம்' என்றுதான் தொடங்குகிறது. இரண்டும் அதிகாரப்பூர்வமான பெயர்கள். 2023 செப்டம்பரில் ஜி20 விருந்து அழைப்பிதழில் ஆங்கிலத்திலும் பாரதம் என்று அச்சிட்டதால் பேச்சு கிளம்பியது. இந்தியாவை அடியோடு எடுக்க வேண்டுமானால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. மாநிலத்தின் பெயர் மாற்றம் அதைவிட எளிது. மூன்றாம் பிரிவின்படி நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். மைசூர் 1973-இல் கர்நாடகம் ஆனது அந்த வழியில்தான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்கள் தங்கள் மொழியில் எப்போதும் கேரளம் என்றுதான் சொல்கிறார்கள், ஆங்கிலத்திலும் அப்படியே வேண்டும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள்.

திருவிதாங்கூர் ஒரு நாடா, சமஸ்தானமா?

சில வாரங்கள் நாடாகப் பார்த்தது. 1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், ஆங்கிலேயர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25 அன்று அவர்மேல் தாக்குதல் நடந்தது, அந்த மாத முடிவுக்குள் மன்னர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார்.

அந்தப் பெயர் வந்த இடத்துக்கு எங்கள் வாசகசாலையிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். திருவிதாங்கோடு. அரச குடும்பம் அங்கே இருந்ததால் ஊர்ப் பெயர் நாட்டுப் பெயராகி, திருவிதாங்கூர் ஆகி, ஆங்கிலேயர் வாயில் டிராவன்கூர் ஆனது. தலைநகரம் பிறகு கல்குளத்தில் இருந்தது, அதைப் பத்மநாபபுரம் என்று மார்த்தாண்ட வர்மா மாற்றினார். அதன்பின் திருவனந்தபுரம் போனது. நாடு போய்விட்டது, ஊர் இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து இதுதான் அது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

தேர்வில் பழைய பெயரை எழுதுவதா, புதிய பெயரை எழுதுவதா?

கேள்வியில் என்ன ஆண்டு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1974 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆடியது சயர். 1955-இல் பாண்டுங் மாநாட்டுக்கு வந்தது சிலோன். எங்கள் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது சொந்த மாவட்டத்துக் கேள்வியில்தான். 1956 நவம்பர் 1 அன்று குமரி எந்த மாநிலத்தோடு இணைந்தது? தமிழ்நாடு என்று எழுதுவார்கள். தமிழ்நாடு என்ற பெயரைக் கேட்டு விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் உயிர்விட்டு அன்றோடு பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பெயர் வர இன்னும் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தது. விடை, சென்னை மாநிலம்.